பிணை நின்றவன்

"வரி அதிகாரி கிளிட்டஸ் இருக்கான். ஊர்த்தலைவர் உமாபதி இருக்கான். ராஜா நான் இருக்கேன். ஊரை விட்டு ஓடுற குடியானவன் எங்கடா?"

கேம்ப் பாஸ் விஜயபாஸ்கர் அட்டைக் கிரீடத்தைச் சரிசெய்தபடி கேட்டார். ஷார்ஜா தொழில்பேட்டையில் அவர்களுடைய தொழிலாளர் கேம்ப்பின் மெஸ் ஹால். வெள்ளிக்கிழமை மத்தியானம், பொங்கல் நாடக ஒத்திகை.

"மாயாண்டி லீவு முடிஞ்சு நாளைக்குத்தான் வர்றான்ணே," என்றான் உமாபதி. நாடகத்தை எழுதியவன் அவன்தான்.

"வரலைன்னா வேஷம் ரொம்பப் பொருத்தம்லே," என்றான் கிளிட்டஸ். "அவன் லீவுக்கு கேரண்டி கையெழுத்துப் போட்ட உனக்குத்தான் ஆப்பு. நம்ம ராஜாவைப் பாரு. ஆறு வருசமா லீவே எடுக்காம அரண்மனையக் காக்காரு."

விஜயபாஸ்கர் சிரிக்கவில்லை. உமாபதியும் சிரிக்கவில்லை. லீவில் போனவன் திரும்பாவிட்டால் கையெழுத்துப் போட்டவனுக்கு லீவு கிடையாது. கம்பெனியின் சட்டம் அது. உமாபதி தன் மகளை இன்னும் போட்டோவில்தான் பார்த்திருக்கிறான். அடுத்த மாதம் அவன் முறை.

"ஆரம்பிங்கடா," என்றார் விஜயபாஸ்கர்.

சோழர் காலத்துக் கதை. விளைச்சலில் ஒரு பங்கு நிலவரி. ஏரி வற்றியதும் குடியானவன் ஓடிவிடுகிறான். அவன் பாக்கிக்கு ஊர்த்தலைவர் பொறுப்பு.

"வரி வந்து சேரும்வரை தலைவரைப் பூட்டி வையுங்கள்!" கிளிட்டஸ் கரண்டியை வாளாக ஓங்கினான்.

உமாபதி மண்டியிட்டான். "மன்னா, ஏரியில் நீர் இல்லை. ஓடியவன் கால்களை நான் எப்படிக் கட்டுவேன்?"

அடுத்த வசனம் ராஜாவுடையது. விஜயபாஸ்கர் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"'அப்படியே செய்க'ன்னு ராஜா சொல்லணுமா? வேணாம்டா, மாத்து. எவனோ ஓடினா தலைவர் என்ன பண்ணுவார்? ராஜா மன்னிக்கட்டும்."

"நெசமாவாண்ணே?"

"மேல இருக்கிறவன் ஒருத்தனாவது மன்னிக்கணும்டா."

கிளிட்டஸ் டீ எடுக்கப் போனான். உமாபதி எழுந்து பக்கத்தில் வந்தான்.

"அண்ணே, மாயாண்டி வரமாட்டான். போன மாசமே போன்ல சொல்லிட்டான். உங்க மனசு தெரியணும்னுதான் இந்த நாடகத்தையே எழுதினேன்."

விஜயபாஸ்கர் கிரீடத்தைக் கழற்றினார். நெற்றியில் ஜிகினா ஒட்டியிருந்தது.

"உன் ரூமுக்கு நட," என்றார்.

உமாபதி அறைக்குள் நுழைந்ததும் பின்னால் கதவு சாத்தப்பட்டது.

"அண்ணே! ராஜா மன்னிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"நான் எங்கடா ராஜா?" வெளியே சாவிக்கொத்து குலுங்கியது. "மாயாண்டிக்கு நீ கையெழுத்து. உனக்கு நான். ஆறு வருஷம் முன்னாடி ஒருத்தன் ஓடினதுக்கே இன்னும் நான் ஊருக்குப் போகலை. நீயும் ஓடிட்டா?"

பூட்டு விழுந்தது.