பூஜா பிடித்த பாட்டில்

அண்ணாதுரையின் பழைய இரண்டு சீட் ஸ்போர்ட்ஸ் கார் ஓடும்போதே பெட்ரோல் ஏறாமல் நின்றுவிடும். மறுநாள் வல்லக்கோட்டைக் கோயிலில் மகள் பூஜாவுக்குக் கல்யாணம். அந்தக் காரில்தான் போவேன் என்று அவள் அடம்பிடித்தாள்.

மண்ணூரில் ஷெட் வைத்திருக்கும் உச்சிமாகாளி டேங்கைக் கழற்றித் தரையில் வைத்தான். கார்புரேட்டரைச் சுத்தம் செய்து, காயவைத்து மாட்டினான். கோளாறு பம்பிலா என்று பார்க்க, ஒரு பாட்டிலில் பெட்ரோல் நிரப்பி அதிலிருந்து கார்புரேட்டருக்கு நேராகக் குழாய் கொடுத்தான்.

உச்சிமாகாளி ஓட்ட, அண்ணாதுரை பாட்டிலை உயர்த்திப் பிடித்தபடி பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரகடம் வரை போய்த் திரும்பினார்கள். கார் எங்கும் நிற்கவில்லை.

"கை கடுக்குது காளி. வெயிட்டு கொறையவே இல்ல" என்றார் அண்ணாதுரை.

பாட்டில் நிரம்பியபடியே இருந்தது. மாட்டும்போது பெட்ரோல் சிந்தாமலிருக்கக் குழாயில் போட்ட கிளிப்பை உச்சிமாகாளி எடுக்க மறந்திருந்தான். எஞ்சின் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இதுல பெட்ரோலே போகல."

கிளிப்பை எடுத்தான். பெட்ரோல் இறங்கியது. எஞ்சின் நின்றது. அதன்பிறகு எத்தனை முறை சாவியைத் திருப்பியும் கிளம்பவில்லை.

அண்ணாதுரை சாவியை உருவி உச்சிமாகாளியிடம் கொடுத்தார்.

"கார்புரேட்டர மறுபடி காய வெச்சிட்டு கிளிப்ப போட்டுடு. முகூர்த்தத்துக்கு லேட்டாவக் கூடாது."

காலையில் கார் உடனே கிளம்பியது. டேங்க் ஷெட்டிலேயே கிடந்தது. பட்டுப்புடவையில் உட்கார்ந்திருந்த பூஜா, மருதாணிக் கையால் பாட்டிலைத் தூக்கிப் பிடித்திருந்தாள்.

"இத எதுக்குப்பா புடிச்சிகினு வரணும்?"

"தெரிலம்மா. கீழ மட்டும் வெச்சிடாத."