ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர்

பிள்ளையார்பாளையத்துச் சாயப்பட்டறையில் உச்சி வெயில் தகரக் கூரையின் ஓட்டைகள் வழியாக நீராவிக்குள் சாய்ந்து நிற்கிறது. தொட்டியில் முனகும் அரக்குச் சாயத்தில் ஒரு கல்யாணப் புடவைக்கான பட்டு நூல் முங்கிக் கிடக்கிறது. தொட்டிக்கு முதுகைக் காட்டி நிற்கும் இளவரசி, சுவரில் தான் மாட்டிய, தொட்டியின் சூட்டைத் தானே சீராக வைக்கும் பி.ஐ.டி. கண்ட்ரோலரின் சிவப்பு எண்ணைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை. சாயம் எண்பத்தைந்து டிகிரியில் நிற்க வேண்டும். அதைத் தாண்டும்போதெல்லாம் சூடு மளமளவென்று சரிந்தது. அவளும் இரண்டு நாளாக ஹீட்டரின் வேகத்தைக் கூட்டிக்கொண்டே போனாள். இப்போது கால் மணி நேரமாக எண் ஆடாமல் நிற்கிறது. விசிறியின் இரைச்சல் ஒரு நொடி ஓய, பின்னால் தண்ணீர் விழும் சத்தம். திரும்புகிறாள். சாயம் போடும் சபாபதியின் கையில் பித்தளைச் சொம்பு.

"என்னண்ணா ஊத்துறீங்க?"

"பச்சத் தண்ணிதாம்மா. சூடு ஏறச்சொல்ல ஒரு சொம்பு ஊத்துவேன், விறகு அடுப்புலேர்ந்தே பழக்கம். ரெண்டு நாளா உன் மிஷினுக்கும் ஒத்தாசையா ஊத்திக்கினுதான் இருக்கேன்."

இரண்டு நாளாகத் தான் கூட்டிய வேகமெல்லாம் இந்தத் தண்ணீருக்கு ஈடாகத்தான் என்று இளவரசிக்குப் புரிகிறது. இனி ஊற்ற வேண்டாம் என்கிறாள். அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டுப் பவ்யமாகக் கையைக் கட்டிக்கொள்கிறார். எண்பத்தாறு. எண்பத்தெட்டு. வேகத்தைக் குறைக்க அவள் பொத்தான்களை அழுத்துகிறாள்; எண் இறங்கவில்லை. தொண்ணூறு. நேற்று நனைத்த பாதி நூல் வெளியே கொடியில் காய்கிறது. சூடு மாறினால் நிறம் மாறிவிடும்; இந்தப் பாதியும் அதே நிறத்தில் வந்தாக வேண்டும்.

"ஊத்தட்டாம்மா?" கட்டிய கையைப் பிரிக்காமலே கேட்கிறார் சபாபதி.

இளவரசி குனிந்து சொம்பை எடுத்து, பக்கத்து அண்டாவிலிருந்து தானே ஒரு சொம்பு பச்சைத் தண்ணீர் மொள்கிறாள்.