நோயாளிகள்: இல்லை

"ஒரே ஒரு கையெழுத்து. அதப் போட மனசு வரலையே அந்த வேம்புக்கு!"

கணவரின் பையில் மோர் பாட்டிலைச் செருகியபடி விண்ணரசி பொரிந்து தள்ளினாள்.

மரியஅந்தோணிக்கும் வயிறு எரிந்தது. அது பதினெட்டு வருஷமாக எரிகிற வயிறு. பட்டாளத்தில் வந்த குடல் புண். டிஸபிலிட்டி பென்ஷன் கேட்டால், 'சர்வீஸில் இருந்தபோது இந்த வியாதி இருந்ததாகப் பதிவே இல்லை' என்று தள்ளிவிட்டார்கள். இப்போது அப்பீல். மலை முகாமில் கூட இருந்த ஒருவர் சாட்சி எழுதித் தர வேண்டும். மிச்சமிருப்பது வேம்பு மட்டும்தான். அவனோ மூன்று முறை போன் செய்தும், "நேர்ல வாங்கண்ணே" என்பதோடு சரி.

"சீக்காளிய அலைய விட்டு வேடிக்கை பாக்குறான், நன்றி கெட்டவன்" என்றபடி கிளம்பினார்.

பூதலூரிலிருந்து திருத்துறைப்பூண்டி போய்ச் சேர்வதற்குள் தஞ்சாவூரில் ஒரு முறை, மன்னார்குடியில் ஒரு முறை, பஸ்ஸை விட்டுவிட்டுக் கழிப்பறைக்கு ஓடினார். இந்த வயதில் இது என்ன பிழைப்பு என்று கண் கலங்கியது.

வேம்பு எலும்பும் தோலுமாக வாசலில் காத்திருந்தான். குழைந்த சோற்றில் மோர் ஊற்றி, காரமில்லாமல் கொடுத்தான்.

"எனக்கு இதுதான் ஒத்துக்கும்னு எப்படித் தெரியும்?"

"எனக்கும் இதாண்ணே சாப்பாடு. அதே குடல் புண்ணு. என் அப்பீலு போன வருஷமே தள்ளுபடி ஆயிடுச்சு."

சாட்சிக் காகிதத்தை வாங்கி, படித்துக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டான். மரியஅந்தோணிக்கு வெட்கமாகிவிட்டது.

"இதுக்கா இவ்ளோ தூரம் வரச் சொன்ன?"

வேம்பு ஒரு நகலை நீட்டினான். முகாமில் தினமும் நோயாளிகளைப் பதியும் சிக் ரிப்போர்ட் நோட்டு. ரத்தமாகப் போய் அவன் சுருண்டு கிடந்த மாதம். முப்பது நாளும் ஒரே வரி: 'நோயாளிகள்: இல்லை.' கீழே கிளார்க்கின் கையெழுத்து: மரியஅந்தோணி.

அவருக்கு மறந்தே போயிருந்தது. நோயாளியே இல்லாத முகாமுக்குக் கேடயம் என்றார்கள் அந்த வருஷம். தன் வலியையும் சேர்த்துத்தான் மறைத்தார். கேடயம் வந்தது, அவருக்குப் புரமோஷனும் வந்தது.

"மேலதிகாரிங்க சொன்னதாலதான் அப்படி எழுதினேன்னு ரெண்டு வரி எழுதித் தாங்கண்ணே. திரும்ப மனு போடலாம்னு வக்கீலு சொல்றாரு."

மரியஅந்தோணி பேனாவைத் திறந்தார். பொய்யாக எழுதினேன் என்று தானே ஒப்புக்கொண்டு, வந்துகொண்டிருக்கிற சர்வீஸ் பென்ஷனுக்கும் வில்லங்கம் வந்தால்?

பேனாவை மூடினார். வேம்பு கையெழுத்துப் போட்ட காகிதத்தைப் பத்திரமாக மடித்துப் பையில் வைத்துக்கொண்டார்.

"தஞ்சாவூருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு, வேம்பு?"