மரகதம் விழவேண்டும்

தொலைக்காட்சித் தொடரின் வில்லி மாமியார் மரகதம், சென்னையில் செட்டுப் போட்ட அருவியில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தாள். அவள் விழவேண்டுமா, பிழைக்கவேண்டுமா என்று நேயர்கள் செல்போனில் ஓட்டுப் போடவேண்டும்.

விழவேண்டும் என்று, குற்றாலத்தில் குளிக்க வந்த கூட்டத்திடம் ஓட்டுக் கேட்டு அலைந்தார் குத்தாலிங்கம்.

"அவ செத்தா நாடகத்துல என்ன இருக்கு அண்ணாச்சி? மருமவ அழுவுததைப் பாக்கவா?" என்றாள் துண்டு பிழிந்துகொண்டிருந்த ஒருத்தி.

"மருமவளுக்கு வெசம் வச்சவ தாயி. மனசாட்சியோட குத்து."

"வைக்கட்டும். அதுக்குத்தான பாக்கோம்."

குளிக்க வருபவர்களுக்கு எண்ணெய் தேய்த்துவிடுபவர் இன்னும் மோசம். "எண்ணெக் கையோட நேத்தே காப்பாத்திட்டேன் அண்ணாச்சி. வீட்டுல எல்லா போன்லயும்."

வெள்ளிக்கிழமை முடிவு வந்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் சேர்ந்து மரகதத்தை மேலே இழுத்துப் போட்டார்கள். டிவியை அணைத்துவிட்டு அடுப்படிக்குப் போனார் குத்தாலிங்கம். செல்போன் அடித்தது.

"என்னங்க, பொழச்சிட்டேன்" என்றது மரகதத்தின் அதே குரல். "இன்னும் ஒரு வருசம் இங்க சூட்டிங் இருக்காம். நீங்களும் எனக்குத்தான ஓட்டுப் போட்டீங்க?"

"பின்ன? கட்டுன பொண்டாட்டியத் தள்ளிவிடுவேனா உமா?" என்றபடி, அடிபிடித்த சோற்றைச் சுரண்டத் தொடங்கினார் குத்தாலிங்கம்.