மகுடம் உட்காரும் இடம்

மகளின் நெற்றி ஏன் தட்டையாகவே நிற்கிறது என்று தையற்காரி சகாயராணி கேட்டாள். டாக்டர் முபாரக் பொம்மை மண்டையோட்டை எடுத்து, உச்சியில் குறுக்காக ஓடிய நெளிகோட்டைக் காட்டினார்.

"எலும்பு சேர்ற இடத்துக்குத் தையல்னுதான் பேரும்மா. இது மகுடத் தையல். அந்தக் காலத்துல ஜெயிச்சு வந்தவங்களுக்கு இலையில மகுடம் சூட்டுவாங்களாம், அது உட்கார்ற இடம். மூளை வளர்றதுக்குள்ள இது மூடக் கூடாது. பாப்பாவுக்கு மூடிடுச்சு."

வளரும் பிள்ளைகளின் சட்டையில் உள்ளே துணி விட்டுத் தைப்பவள் சகாயராணி.

"அப்ப பிரிச்சு விட்டுருங்க சார்" என்றாள்.

அறுவை சிகிச்சை முடிந்து, நெற்றி அழகாகத் திரண்டு வந்தபிறகு, ஒருநாள் அவள் டாக்டரிடம் ஒரு வெள்ளைத் தொப்பியைக் கொடுத்தாள். விளிம்பைச் சுற்றிப் பச்சை நூலில் இலைகள். அவர் அதைக் குழந்தைக்கு வைத்தார். மூக்கு வரை இறங்கிவிட்டது.

"அவளுக்கில்ல சார். ஜெயிச்சது நீங்கதானே."

முபாரக் தொப்பியைத் தன் தலைக்கு மாற்றினார். சகாயராணி எட்டி நின்று தையற்காரியின் கண்ணால் பார்த்தாள்.

"அளவெடுக்காம தெச்சது. உள்ள துணி விட்டிருக்கேன் சார். இறுக்குச்சுன்னா சொல்லுங்க, பிரிச்சு விட்டுத் தரேன்."