குங்குமப்பூப் பால்

"உங்க மருமகளுக்கு வயிறார ஏதாவது குடுக்கிறீங்களா, இல்லையா?"

டாக்டர் வைத்யா இப்படிக் கேட்டதும் ரசீலாபென் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டாள். பாவ்நகரில் அவள் வீட்டுச் சாப்பாட்டைக் குறை சொன்னவர்கள் இதுவரை யாரும் இல்லை.

மேஜைமேல் விரித்த துணியில் பேரன் விராஜ் கிடந்தான். எட்டு மாதக் குழந்தை. முன்பெல்லாம் தலையை நன்றாக நிறுத்தி, யாரைப் பார்த்தாலும் சிரிப்பான். இப்போது தூக்கினால் தலை தொங்குகிறது. சிரிப்பு போன இடம் தெரியவில்லை. கைகள் மட்டும் ஓயாமல் நடுங்கிக்கொண்டிருந்தன. அவன் தாய் கிஞ்சல் அந்தக் கைகளைப் பிடித்தபடி நின்றாள்.

"ரத்தத்துல பி12 வைட்டமின் சுத்தமா இல்ல. இவனுக்கும் இல்ல, இவன் அம்மாவுக்கும் இல்ல" என்றார் டாக்டர். "அவ உடம்புல இருந்தாத்தானே தாய்ப்பால்ல வரும்? காய்லயும் பருப்புலயும் அது கிடையாது. சைவக்காரங்களுக்குப் பாலும் தயிரும்தான் வழி. அது போதாதுன்னுதான் பிரசவம் ஆனதும் கேப்ஸ்யூல் எழுதிக் குடுத்தாங்க. போட்டீங்களா?"

"குப்பையில போட்டேன்" என்றாள் ரசீலாபென். "அந்த உறையை மாட்டு எலும்புல பண்றாங்களாம். ஜைன வீட்டுல அதைப் போய் முழுங்கச் சொல்றீங்களே, உங்களுக்கே நல்லா இருக்கா? அதுக்குப் பதிலாத்தான் காலையில ஒரு சொம்பு, பொழுது சாயறதுக்குள்ள ஒரு சொம்பு, குங்குமப்பூ போட்டுப் பால் காய்ச்சி என் கையால குடுக்கிறேன்."

"அவ்வளவு பால் உள்ள போயிருந்தா பிள்ளை இப்படிக் கிடக்க மாட்டான்."

"அப்ப நான் பொய் சொல்றேனா?"

"யாரோ சொல்றாங்க. கொஞ்சம் வெளியில உட்காருங்க."

ரசீலாபென் முணுமுணுத்துக்கொண்டே போனாள். மருமகளை உருக்குலைய விடும் மாமியார்களை டாக்டர் நிறையப் பார்த்திருக்கிறார். அவர் கிஞ்சல் பக்கம் திரும்பினார்.

"பயப்படாம சொல்லும்மா. உனக்குப் பால் குடுக்கிறாங்களா?"

"என் மாமியாரைத் திட்டாதீங்க, டாக்டர் சாகேப். அவங்க ஒரு நாள்கூடத் தவறினதில்ல" என்றாள் கிஞ்சல். "நான்தான் ரூமுக்கு வாங்கிட்டுப் போய், அவங்க அந்தப் பக்கம் போனதும் பின்வாசல்ல பூனைக்கு ஊத்திடுவேன். தயிரு, நெய் எல்லாமே அப்படித்தான்."

வெளியே அனுப்பிய கிழவியின் முகத்தில் எப்படி விழிப்பது என்று டாக்டருக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கமே கோபமாக மாறியது.

"படிச்ச பொண்ணுதானே நீ? உன் பிள்ளை மூளைக்குப் போக வேண்டியதைப் பூனைக்கு ஊத்தியிருக்கே. இன்னைக்கே ரெண்டு பேருக்கும் ஊசி போடறேன். நடுக்கம் நிக்கும். ஆனா போனதுல எவ்வளவு திரும்பி வரும்னு என்னால சொல்ல முடியாது. இனிமேலாவது பாலைக் குடி. முதல் சொம்பை இங்கேயே, என் கண் முன்னாடி குடிக்கணும்."

அவர் மணியடித்துப் பால் வாங்கிவரச் சொன்னார். கிஞ்சல் சட்டென்று குழந்தையை வாரி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"வேண்டாம் சாகேப், உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். பிறந்ததும் இவனை மஞ்சள்காமாலைன்னு கண்ணாடிப் பெட்டிக்குள்ள வெச்சப்ப, இவன் நல்லபடியா வளர்ந்து தன் கால்ல நடக்கிற வரைக்கும் பால், தயிர், நெய் எதையும் தொடமாட்டேன்னு யாருக்கும் சொல்லாம விரதம் எடுத்திருக்கேன். இப்ப நான் அதை முறிச்சா, இவன் நடக்காமலே போயிடுவானே?"