புது இறக்கை

குன்னூர்ப் பக்கத்துத் தேயிலைத் தொழிற்சாலையின் பட்டறையில் நிற்கிறது கெஸியாவின் பந்தயக் கார். பனி விலகி, கூரைத் தகரத்தின் இடுக்கு வழியே காலை வெயில் அதன் முதுகில் விழுகிறது. காரின் பின்னாலிருந்த அகலமான இறக்கையைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள். வளைவில் காரைத் தரையோடு அழுத்திப் பிடித்தது அதுதான்; காற்றைத் தடுத்து வேகத்தைக் குறைத்ததும் அதுதான். சென்ற பந்தயத்தின் நேர்ச்சாலையில் நான்கு கார்கள் அவளை முந்திப் போயின. மலைக்குக் கீழே நாளை ஓடவேண்டிய தடத்திலோ நேர்ச்சாலைதான் அதிகம். தொழிற்சாலையில் தகடு வேலை பார்க்கும் சுகந்தி, இரண்டு நாள் லீவு போட்டு அடித்து வளைத்த புது இறக்கையைப் பூட்டுகிறாள். ஒடுக்கமான அது ஏறக்குறைய படுத்தே கிடக்கிறது. கடைசித் திருகை முறுக்கியதும் விளிம்பில் விரலை ஓட்டிப் பிசிறு தேடுகிறாள்.

"நேர் ரோட்டுல பறக்கும் கண்ணு. ஆனா வளைவுல பழைய பிடி இருக்காது. அங்க மட்டும் பாத்துப் போ."

"சரிங்கக்கா."

தகடு கீறிய அந்த விரல்களைக் கெஸியா தன் இரு கைகளிலும் பொத்திக்கொள்கிறாள். வெளியே இலை ஏற்றிய டிராக்டர் உறுமியபடி மேடேறுகிறது. சத்தம் அடங்கும்வரை இருவரும் அப்படியே நிற்கிறார்கள்.

"நாளைக்கும் லீவு சொல்லிட்டேன்" என்கிறாள் சுகந்தி. "பந்தயத்துல வளைவுக்கிட்டயே வந்து நிக்கறேன்."